அட்டையில் இடமில்லாத வாஷர்

அக். 14, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை. புழுக்கம். காலாண்டு விடைத்தாள் இன்னும் முப்பத்திரண்டு பாக்கி. 9-பி பிள்ளைகளுக்கு இந்த ஜன்மத்தில் பின்னம் வராது.

நேற்று இரவு காருக்கு அடியில் பேப்பர் விரித்து வைத்தேன். காலையில் எண்ணினேன். நாற்பத்தொரு சொட்டு. போன வெள்ளிக்கிழமை இருபத்தாறு. இவரிடம் சொன்னேன். "டீச்சர், உனக்கு எண்றதுக்கு வேற எதுவும் கிடைக்கலியா?" எண்ணாமல் விட்டால் ஒழுகாதா?

போர்ட்டிகோ தரையில் கருப்பாக ஒரு வட்டம். சோடா உப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தினம் காருக்கு அடியில் சுருண்டுகொள்ளும் தெருநாய் இந்த வாரம் கேட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளே வருவதில்லை.

மதியத் தபாலில் மதுராந்தகத்து அண்ணியின் கடிதம். இவருடைய அக்கா. எழுதியது பக்கத்து மளிகைக் கடைக்காரர், அவளுக்குக் கை நடுங்குகிறதாம். சர்க்கரை ஏறிவிட்டது, கால் புண் ஆறவில்லை, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. காலைத் தொங்கப்போட்டு பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டர். மகன் பம்பாயில். வருஷத்துக்கு ஒரு கார்டு போடுவான்.

இவர் கடிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கார்ல போய் கூட்டிட்டு வந்துடறேன். இனிமே இங்கயே இருக்கட்டும். முன் ரூமை ஒழிச்சுடு."

முன் ரூம் என் ரூம். என் மேஜை, என் விடைத்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இவர்கள் பெரியப்பா மகள் வளைகாப்பு. வரிசையில் நின்று வளையலை எடுத்தேன். "நீ இரு. உன் கை வேண்டாம்" என்றாள் அண்ணி. உரக்கத்தான் சொன்னாள். பந்தல் முழுக்கக் கேட்டது. இவரும் கேட்டார். வாயைத் திறக்கவில்லை. வளையலைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு சமையல்கட்டுக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

அவளுக்குத்தான் ரூமை ஒழிக்க வேண்டும்.

இரவு ரசம் மட்டும்.

அக். 16, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. ரவை, கொண்டைக்கடலை, கற்பூரம் வாங்க வேண்டும்.

இவரோடு பம்மல் போனேன், தாஸ் ஒர்க் ஷாப்புக்கு. பக்கத்துத் தோல் தொழிற்சாலை நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். தாஸ் படுத்தபடியே காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சம்ப் பேக்கிங் பூட்சு சார், இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கிற தொட்டி. அதோட கார்க் பட்டை காஞ்சி ஒடைஞ்சி கீது. சம்ப்பை எறக்கி வேற போடணும்."

"நாளைக்கு முடியுமா?"

"இன்னா சார் நீ. ஆயுத பூஜைக்கு மூணு நாள் கீது. அங்க பாரு, பதினாலு வண்டி நின்னுகினு கீது. எல்லாத்தையும் கழுவி பொட்டு வச்சி குடுக்கணும். பூஜை முடிஞ்சி வா."

இவருக்குப் பொறுக்கவில்லை. "பேக்கிங் மட்டும் குடு, நானே போட்டுக்கறேன்." கல்யாணமான புதிதில் மிக்ஸியைப் பிரித்தவர் இவர். இன்றுவரை அந்த மிக்ஸி பரணில்.

தாஸ் சிரித்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். பேக்கிங்கை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடணும். போல்ட்டை வரிசையாக முடுக்கக் கூடாது, எதிரும் புதிருமாக முடுக்கணும். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், இவர் மறந்துவிடுவார்:

"ஆயில் எறக்குற அந்த டிரெயின் பிளக்கு, அதோட மரை தேஞ்சி கீது. செம்பு வாஷர் இருந்தாத்தான் புடிச்சிக்கும். அத்த மட்டும் உட்ராத சார். வாஷர் இல்லாம போட்டியா, வண்டி நிக்கறப்ப ஒண்ணும் தெரியாது. ரோட்ல ஆட்டத்துல தன்னால கழண்டுக்கும். மொத்த ஆயிலும் ரோட்ல. இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"புது வாஷர் இருக்கா?"

"ஸ்டாக் இல்ல. பழச அடுப்புல செவக்க காச்சி தண்ணில போடு. எளகிக்கும், புச்சு மாதிரி."

கிளம்பும்போது கேட்டார்: "சிவப்பு லைட்டு எரியுதா, ஆயில் கொறஞ்சா?" வாங்கினதிலிருந்தே எரிவதில்லை என்றார் இவர்.

"அப்ப வண்டி சொல்லாமலே செத்துடும், பாத்துக்கோ."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வண்டி எடுக்கும் நேரத்தில் யார் வாயிலும் அப்படி வரக் கூடாது.

அக். 17, திங்கள்

மூட்டம். காற்றே இல்லை.

இவர் ஆபீசுக்கு லீவு. வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்குகளை அடுக்கி, ஜாக்கி போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார். இவர் அடியில் நுழைந்ததும் இடப்பக்கக் கல்லில் கீறல் மாதிரி ஏதோ தெரிந்தது. "வெளிய வாங்க" என்று கத்தினேன். வந்து பார்த்தார். "சிமெண்ட் கோடு டீச்சர், கீறல் இல்ல." கோடா கீறலா, எனக்கு இன்னும் சந்தேகம்தான். அவர் உள்ளே இருந்த நேரமெல்லாம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழைய ஆயிலை இறக்கினார். கஷாயம் மாதிரி கருப்பு. பிளாஸ்டிக் பக்கெட் பாழ்.

போல்ட் தொலையாமல் இருக்க யோசனை என்னுடையது. காலண்டர் அட்டையில் சம்ப்பின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற அந்தந்த ஓட்டையில் குத்தி வைத்தேன். பத்தொன்பது ஓட்டை. திரும்பப் போடும்போது அட்டை காலியானால் வேலை முடிந்தது. இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்குத்தான் வீட்டுல ஒரு டீச்சர் வேணும்." சந்தோஷமாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது.

சம்ப் லேசில் வரவில்லை. சுத்தியலால் தட்டி, கத்தியால் நெம்பி, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கையோடு வந்தது. அடியில் கருஞ்சேறு, ஒரு விரல் கனம்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா கேட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார். "இவ்ளோ அவசரமா வண்டி எதுக்கு? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். நாத்தனாருக்கு என்றேன். "பாவம்" என்றார். பாவமாம்.

இவர் குளிக்கும்போது முன் ரூமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிலை ஜன்னல் ஓரம் போட வேண்டும். என் மேஜை எங்கே போகும்? சமையல்கட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தலாம், வேறென்ன.

இந்தக் கார் இப்படியே கல்லின் மேல் கிடக்கட்டும். சம்ப் ஓட்டையாகட்டும். ஓடவே வேண்டாம்.

எழுதிவிட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்.

அக். 18, செவ்வாய்

விடியற்காலை ஐந்து நிமிடம் தூறல். பிறகு சுட்டெரிக்கும் வெயில்.

ஊறிய பேக்கிங் நன்றாக விரிந்திருந்தது. ஊறப் போட்டது என் தோசை மாவு அன்னக்கூடையில். இனி அதில் மாவு கரைக்க முடியாது. இவர் பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டி, சம்ப்பை மண்ணெண்ணெயில் கழுவினார். இரண்டு பேருமாகத் தூக்கிப் பொருத்தினோம். நான் படுத்து ஏந்திப் பிடித்தேன், நாற்பத்திநாலு வயதில், புடவையோடு. இவர் முகம் என் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில். வியர்வை சொட்டியது. கடைசியாக இவ்வளவு பக்கத்தில் எப்போது பார்த்தேன்?

எதிரும் புதிருமாக பத்தொன்பது போல்ட். நான் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அட்டை காலி.

வாஷரை கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் போட்டார். சொய்ங் என்றது. துடைத்ததும் புது மோதிரம் மாதிரி பளபளவென்று. அடுப்புப் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்தார். அதற்குள் இருட்டிவிட்டது. பிளக்கை வாஷர் இல்லாமல் சும்மா கையால் திருகி வைத்தார், உள்ளே பூச்சி போகாமல் இருக்க. காலையில் கழற்றி வாஷரோடு போட வேண்டும்.

நாளை ஆயுத பூஜை. ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் துடைத்துப் பூஜைக்கு. என் புத்தகங்கள், ஜியாமெட்ரி பாக்ஸ், இந்த டைரியும்தான். வியாழன் மறு பூஜை வரை தொடக் கூடாது. ஒரு நாள் எழுதாவிட்டால் குடி முழுகிவிடாது.

அக். 20, வியாழன். விஜயதசமி

காலை 11 மணி.

நிதானமாக எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தார். "ஃபோன்! மதுராந்தகத்துலேருந்து!" அவர் வீட்டு நம்பரைத்தான் அண்ணிக்குக் கொடுத்திருந்தோம். மளிகைக் கடைக்காரர் பேசினாராம். ராத்திரி பூரா அண்ணிக்கு மூச்சுத் திணறல், கால் பொதபொதவென்று வீங்கிவிட்டது, உடனே வரச் சொல்லுங்கள்.

இவர் அரக்கப்பரக்க மறு பூஜை முடித்து, ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். அங்கிருந்தே குரல்.

"டீச்சர்! பிளக்குல வாஷர் போட்டேனா? நேத்து காலையில போட்ட மாதிரி இருக்கு."

"போட்டீங்க" என்றேன்.

"நிச்சயமா?"

"அட்டை காலி. எல்லாம் போட்டாச்சு."

நேற்று காலை இவர் காருக்குப் பக்கத்தில் ஏதோ செய்தார். நான் சுண்டல் வேலையில் இருந்தேன், பார்க்கவில்லை. ஆனால் சொன்னேன். என் எரிச்சலெல்லாம், அவளுக்காக இவர் இப்படிப் பறப்பதில்தான்.

பிளக்கை ஸ்பேனரால் ஒரு இறுக்கு இறுக்கிவிட்டு வெளியே வந்தார். காரைக் கல்லிலிருந்து இறக்கி, புது ஆயில் ஊற்றி, பேப்பர் விரித்து, இன்ஜினை ஓடவிட்டு பத்து நிமிடம் பார்த்தார். சொட்டு இல்லை. "ஒரு சொட்டு காட்டு பாக்கலாம்!" என்று என்னிடம் சவால். காட்ட முடியவில்லை.

சந்தனம், குங்குமம், மாலை. முன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். வண்டி கிளம்பியது, பழம் நசுங்கவில்லை. வழுக்கி, உருண்டு, வாசல் சாக்கடையில் விழுந்தது. இவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வேறு பழம் எடுத்து வருவதற்குள் கார் தெருக்கோடியில்.

ஒன்பதரைக்குக் கிளம்பினார். முன் ரூமில் கட்டில் போட்டுவிட்டேன்.

மதியம் 3.10.

பூஜைத் தட்டை எடுத்து வைக்கப் போனேன். வாடிய பூவை அள்ளினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல், செம்பு வளையம். அதில் குங்குமப் பொட்டு.

வைத்தது நான்தான். நேற்று காலை அடுப்பருகே கிண்ணத்தில் பளபளவென்று இருந்தது. இதுவும் ஒரு சாமான்தானே என்று எடுத்து வைத்துப் பொட்டும் இட்டேன். மேலே செவ்வந்தி விழுந்து மறைத்துவிட்டது. அட்டையில் பத்தொன்பது போல்ட்டுக்கு ஓட்டை இருந்தது. இதற்கு இடம் வைக்கவில்லை.

இவர் கேட்டபோது நான் பூஜை அலமாரிக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். எனக்குத் தெரியாதா? தெரியாது. மறந்துபோனேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா?

4.30.

ஸ்டெல்லா அக்கா வீட்டில் டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்க முக்கால் மணி நேரம். மளிகைக் கடைக்காரர் எடுத்தார்.

"இப்பத்தாம்மா கிளம்பினாங்க, ஒரு கால் மணி இருக்கும். இங்க டாக்டர் மூணரை மணிக்குத்தான் வந்தாரு. ஊசி போட்டு, உடனே தாம்பரத்துக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு. தூக்கித்தான் பின் சீட்டுல படுக்க வச்சோம்."

"வண்டி நல்லா இருந்துச்சா?"

"வண்டி நின்ன எடத்துல எண்ணெயா கெடக்கும்மா. சாருகிட்ட சொன்னேன். இப்பத்தான் பேக்கிங் மாத்தினேன், பழைய எண்ணெய் மிச்சம் சொட்டுது, சரியாயிடும்னாரு."

ஃபோனை வைத்தேன். ஸ்டெல்லா அக்கா என் முகத்தைப் பார்த்து, "ஜெபம் பண்றேன்" என்றார்.

5.15.

வாசலில் சொட்டு இல்லை. தெரு முனையில், பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும் இடத்தில் முதல் சொட்டு. பிறகு நாலடிக்கு ஒன்று. கேம்ப் ரோடு வரை எண்ணிக்கொண்டே போனேன். அறுபத்திமூன்றில் பஸ் ஒன்று மேலே ஏறிப் போனது. அதற்கப்புறம் பெருமழை. எல்லாம் கரைந்துபோனது. நனைந்துகொண்டு திரும்பினேன்.

ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும். வந்துவிடுவார்கள்.

முன் ரூமில் விளக்கு போட்டு வைத்தேன். வெந்நீர் போட்டேன். அண்ணி, நீ வந்தால் போதும். ரூம் உனக்கே. சத்தியம்.

6.40.

வரவில்லை.

17ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். "ஓடவே வேண்டாம்." என் கையெழுத்து, பிழையில்லாமல்.

அக். 23, ஞாயிறு

மழை நின்றபாடில்லை. நேற்று மதுராந்தகத்தில் எல்லாம் முடிந்தது. அண்ணி வெள்ளி விடியற்காலை போய்விட்டார். மகன் பம்பாயிலிருந்து வந்து கொள்ளி வைத்தான்.

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். சிவப்பு விளக்கு எரியவில்லை, எந்த சத்தமும் இல்லை, சட்டென்று. கொட்டுகிற மழை. லாரி எதுவும் நிற்கவில்லை. ஒரு மணி பத்து நிமிடம். கடைசியில் காய்கறி வேன் ஒன்று. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டாராம். இவர் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அண்ணியின் பையைப் பிரித்தேன். இரண்டு புடவை, ஒரு போர்வை, சர்க்கரை மாத்திரை, ரேஷன் கார்டு. எனக்கென்று எதுவும் இல்லை. இருக்கும் என்று எதற்குத் தேடினேன்?

மதியம் தாஸ் வந்தார், காரை இழுத்து வந்து ஷெட்டில் விட்டிருக்கிறார். மாலை வாடிப்போய் இன்னும் முன்னால் தொங்குகிறதாம்.

"பேக்கிங் சூப்பரா போட்டுகீற சார். ஒரு சொட்டு கசியல. பிளக்குதான் இல்ல. எங்கியோ ரோட்ல உழுந்துட்சி." தயங்கினார். "வாஷர் போட்டியா சார்?"

தாஸ் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் இவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று நாள் தாடி. கண் உள்ளே போய்விட்டது.

"எனக்கு ஞாபகமே இல்ல. போட்டேனா, போட்ட மாதிரி நினைச்சுக்கிட்டேனா? நீ போட்டீங்கன்னு சொன்னே. நீ தப்பா சொல்ல மாட்டே. ஆனா போட்டிருந்தா கழண்டிருக்காதுங்கறான். நான்தான் அக்காவைக் கொன்னுட்டேனா?"

"அப்படிப் பேசாதீங்க."

"நீ எல்லாத்தையும் டைரியில எழுதுவியே. பத்தொன்பதாம் தேதி பாரு டீச்சர். எழுதியிருப்பே. எனக்கு அதை மட்டும் காட்டு, போதும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இவர் முன் ரூமில், அண்ணிக்காகப் போட்ட கட்டிலில் போய் உட்கார்ந்தார். இங்கிருந்து தெரிகிறது. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் இவர் பிழைத்துக்கொள்வார். அப்புறம் என் முகத்தில் விழிப்பாரா? வளைகாப்புக் கதை இவருக்கும் தெரியும். நான் மறந்துதான் சொன்னேன் என்று யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

வாஷரைக் கழுவினேன். குங்குமம் போய்விட்டது. ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் இருக்கிறது.

அன்று டைரி பூஜையில் இருந்தது இவருக்கு ஞாபகமில்லை. பக்கம் புரட்டிப் படிக்கிறவரும் இல்லை. காட்டும் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

பின்னால் போய் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளையாக இருக்கிறது. நீல மைதான், அதே பேனாதான்.

அக். 19, புதன்

வெயில். ஆயுத பூஜை. சுண்டலில் உப்பு கொஞ்சம் தூக்கல். காலை எட்டு மணிக்கு இவர் டிரெயின் பிளக்கில் வாஷர் போட்டு இறுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.